கடிவாள வாரைப் பாருங்கள்: குதிரைக் கண்காட்சியில் எந்த அரங்குக்குப் போகலாம்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில், ஏப்ரல் மாதம் நான்கு நாள் எக்வைன் அஃபேர் என்ற குதிரைக் கண்காட்சி நடக்கும். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் தரும் நிகழ்ச்சி நிரலைப் பிரித்தாலே தலை சுற்றிவிடும். ஒரு அரங்கில் டிரெஸ்ஸாஜ் வகுப்பு, அதே நேரத்தில் பக்கத்து அரங்கில் ரெய்னிங், இன்னொரு மூலையில் கட்டே இல்லாத குதிரையோடு ஒருவர் லிபர்ட்டி செய்துகொண்டிருப்பார். நடுவில் சேணமும் லாடமும் விற்கும் கடைகள் தெருத்தெருவாக இருக்கும். மாலையில் தனி டிக்கெட் வாங்கினால் ஃபேன்டேசியா என்ற இசையும் விளக்கும் சேர்ந்த பெரிய காட்சி. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதையுமே பார்த்ததாக இருக்காது.

அதனால் டிரெஸ்ஸாஜ், ரெய்னிங், லிபர்ட்டி, வொர்க்கிங் எக்விடேஷன் என்ற நான்கையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கிறேன். அந்த அளவுகோல் குதிரையின் வேகமோ சவாரி செய்பவரின் உடையோ இல்லை, கடிவாள வார்தான். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அந்த வெறும் ஈற்றின் மேலும் நாக்கின் மேலும்தான் உட்காருகிறது. அதன் மறுமுனை மனிதன் கையில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை அந்த வார் அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் டிரெஸ்ஸாஜ், அதாவது சவாரி செய்பவரின் மெல்லிய சைகைக்குக் குதிரை நுட்பமான அசைவுகளைச் செய்துகாட்டும் போட்டி. நாலில் இதற்குத்தான் வேர் ஆழம். 1912 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத் திடலில், குறிப்பிட்ட எழுத்துகள் வைத்த இடங்களில் குறிப்பிட்ட அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பது பியாஃபே. அதே நடையில் மிதப்பதுபோல முன்னேறுவது பசாஜ். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் மேளத்துக்கு நாட்டியக் குதிரை ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டும் கண்ணுக்குப் புதிதாக இருக்காது. டிரெஸ்ஸாஜில் கடினம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த ஆட்டத்திலிருந்து ஒரு நொடியில் பாய்ச்சலுக்கும், பாய்ச்சலிலிருந்து அசையாத நிலைக்கும் குதிரை பதற்றமில்லாமல் போய்வர வேண்டும். 2023இல் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 1982 தில்லிக்குப் பிறகு அதுவரை தங்கமே கிடைக்கவில்லை.

டிரெஸ்ஸாஜில் வார் எப்போதும் நேராக இருக்கும். மேல்மட்டத்தில் இரட்டைக் கடிவாளம், அதாவது ஒரே வாயில் இரண்டு இரும்புகள். கையும் வாயும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டபடி இருப்பதுதான் இதன் இலக்கணம். நல்ல சவாரியில் அது கைக்குழந்தையின் விரலைப் பிடித்து நடத்துகிற பிடி. கெட்ட சவாரியில் அதுவே இழுபறி. தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது இந்தப் பிரிவின் பெரிய குறை. ஒருமுறை ஒரு பயிற்சித் திடலின் வேலியோரம் நின்றிருந்தேன். எனக்கு ஆறடி தூரத்தில் ஒரு குதிரை கழுத்தை வளைத்து, முகவாய் மார்பில் இடிக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. பார்க்க அழகுதான். கிட்டே வந்ததும் வாயோரம் தெரிந்தது. மூக்குப்பட்டை இரண்டு விரல் நுழையக்கூட இடமில்லாமல் இறுக்கியிருந்தது, நாக்கு நீலம் பாரித்திருந்தது. பார்வையாளர் மேடையிலிருந்து கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

இங்கே வேலேக்ரோ என்ற குதிரையைச் சொல்லாமல் போக முடியாது. 2014 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில், சார்லட் டுஜார்டின் சவாரியில், இசைக்கு ஆடும் பிரிவில் 94.30 சதவீதம் எடுத்து உலக சாதனை படைத்தது. அந்தக் காணொளியைப் பாருங்கள், குதிரை எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்று தெரியும். அதே டுஜார்டின் 2024 ஜூலையில், ஒரு பயிற்சி வகுப்பில் குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த காணொளி வெளிவந்ததால், பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் வந்தது. இரண்டும் ஒரே ஆள் செய்தவை. மதிப்பெண்ணை வைத்து மட்டும் டிரெஸ்ஸாஜை நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ரெய்னிங். இது மாடு மேய்த்தவர்களின் வித்தை. அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரிக்க ஒரு கையில் கயிறு வேண்டும், அதனால் குதிரைக்கு ஒரு கைதான் மிச்சம். அந்தத் தேவையிலிருந்து வந்ததால் ஒற்றைக் கை, தொங்கும் வார். பெரிய வட்டத்தில் வேகம், சின்ன வட்டத்தில் நிதானம், நின்ற இடத்தில் பம்பரச் சுழற்சி, ஓடிவந்து சறுக்கி நிற்பது, நின்றதும் அப்படியே திரும்பிப் பாய்வது. எல்லோருக்கும் 70 மதிப்பெண்ணில் கணக்கு தொடங்கும், ஒவ்வோர் அசைவுக்கும் ஒன்றரை வரை கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். கணக்கு எளிது, முதல் தடவை பார்க்கிறவருக்கும் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

சறுக்கி நிற்பதை மட்டும் வேலியோரம் நின்று பாருங்கள். முழு வேகத்தில் வருகிற குதிரை பின்பக்கத்தைத் தரைக்குத் தாழ்த்தும். பின்னங்கால்கள் இரண்டும் பூட்டியதுபோல மணலில் கோடு கிழித்தபடி இருபது முப்பது அடி வழுக்கும். முன்னங்கால்கள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். இதற்காகவே பின்னங்காலில் அகலமான, வழவழப்பான லாடம் அடித்திருப்பார்கள். புழுதி அடங்கும்போது வாரைக் கவனியுங்கள். நல்ல குதிரையாக இருந்தால் அது துணி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி நடுவில் தொய்ந்து தொங்கும். இவ்வளவு வேகத்தையும் நிறுத்தியது இரும்பு இல்லை, சவாரி செய்பவர் உடம்பைத் தளர்த்தி உட்கார்ந்த விதமும் ஒரு சொல்லும்தான்.

கொலம்பஸுக்கு இன்னொரு பெருமையும் இங்கே இருக்கிறது. 2006இல் இதே நகரில் நடந்த குவார்ட்டர் ஹார்ஸ் காங்கிரஸ் என்ற, குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைகளுக்கான கண்காட்சியில் ஸ்டேசி வெஸ்ட்ஃபால், ராக்ஸி என்று அழைக்கப்பட்ட கறுப்புப் பெண்குதிரையில், சேணமும் இல்லாமல் கடிவாளமும் இல்லாமல் இசை ரெய்னிங் போட்டியில் இறங்கி வென்றார். தந்தை இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, அந்தச் சவாரியை அவருக்கே அர்ப்பணித்தார். சுழற்சி, சறுக்கல், வட்டம் ஒன்றும் குறையவில்லை. வார் தளர்ந்திருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கே வாரே கிடையாது. இருபது ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் ரெய்னிங்கில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. இந்தத் துறையின் பெரிய பரிசுப் போட்டி, ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் ஃப்யூச்சுரிட்டி, மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. மூன்று வயதில் போட்டி என்றால் இரண்டு வயதிலேயே முதுகில் ஆள் ஏற வேண்டும். குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து ஆறு வயதாகும். டிரெஸ்ஸாஜில் மேல்மட்டத்துக்கு வரும் குதிரைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்கும். வாயைக் காப்பாற்றுவதில் ரெய்னிங் மேல், காலையும் முதுகையும் காப்பாற்றுவதில் டிரெஸ்ஸாஜின் பொறுமை மேல்.

மூன்றாவது லிபர்ட்டி. கூட்டத்தை அள்ளுவது இதுதான். பிரான்ஸின் ஜான் பிரான்சுவா பிஞோன் போன்றவர்கள் ஒரு கயிறும் கட்டாமல் பல பெண்குதிரைகளைக் கூடவே ஓடவும், வரிசையாக நிற்கவும், படுக்கவும் வைப்பார்கள். குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள், பெரியவர்களும்தான். வாரே இல்லாததால் என் அளவுகோல் இங்கே உதவாது. அப்போது எதைப் பார்ப்பது? காதையும் வாலையும். காது பின்னுக்கு ஒட்டி, வால் சுளீர் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தால் அந்தக் குதிரை பயத்தில் வேலை செய்கிறது. அப்புறம் இன்னொன்று: அது போக நினைத்தால் போக இடம் இருக்கிறதா? வட்டக் கூண்டுக்குள் மனிதனிடம் வருகிற குதிரைக்கு வேறு வழியில்லை. திறந்த திடலில் போக இடமிருந்தும் போகாமல் நிற்கிற குதிரையை நான் நம்புவேன். மேடையில் காட்டுவதை வைத்து, அது எப்படிப் பழக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது நாலு பிரிவிலும் இங்கேதான் கடினம். அதனால் மாலைக் காட்சியைவிட, அதே ஆள் பகலில் முன்பின் தெரியாத ஒரு குதிரையோடு வகுப்பு எடுப்பதைப் பாருங்கள். குதிரை சொன்னதைக் கேட்காதபோது அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான்காவதுதான் என் தேர்வு: வொர்க்கிங் எக்விடேஷன். போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் பண்ணைச் சவாரியைச் சேர்த்துக் கட்டிய விளையாட்டு. சர்வதேசப் போட்டியாக 1996இல் தொடங்கியது, அதனால் வயதில் சின்னது. முதலில் டிரெஸ்ஸாஜ் சுற்று. அடுத்து தடைகளை அழகாகக் கடக்கும் சுற்று. பிறகு அதே தடைகளை நேரம் வைத்துக் கடப்பது. சில போட்டிகளில் மாடு பிரிப்பதும் உண்டு. முதல் சுற்றில் காட்டிய பக்கவாட்டு நடை வெறும் அலங்காரமா, உபயோகப்படுமா என்பது இரண்டாவது சுற்றில் தெரிந்துவிடும். குதிரை மேல் இருந்தபடியே, ஒரு கேட்டிலிருந்து கையை எடுக்காமல் அதைத் திறந்து, உள்ளே போய், மூட வேண்டும். அதற்குக் குதிரை பின்னால் நகர வேண்டும், பக்கவாட்டில் ஒரே ஓர் அடி வைக்க வேண்டும், அப்புறம் அசையாமல் நிற்க வேண்டும். கேட் ஏமாறாது. குதிரை அரை அடி தள்ளி நின்றால் கை எட்டாது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

கரோச்சா என்று ஒரு கம்பு, ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளம். ஸ்பெயினின் அந்தலூசியாவில் காளைகளை மேய்த்தவர்கள் கையில் இருந்தது. பாய்ச்சலில் வந்தபடி பீப்பாயிலிருந்து அதை உருவி, கொஞ்ச தூரத்தில் மாட்டியிருக்கும் வளையத்தைக் குத்தி எடுத்து, இன்னொரு பீப்பாயில் திரும்பச் செருக வேண்டும். இதில் மேல்மட்டத்தில் ஒற்றைக் கைதான் வாரில், மற்றக் கையில் கம்பு. கம்பு பீப்பாயில் கடகடவென்று விழும் சத்தத்துக்குக் குதிரையின் காது ஒரு நொடி பின்னால் திரும்பி மறுபடி முன்னால் வருவதைக் கவனியுங்கள். என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டது, சரி என்று மேலே போய்விட்டது.

இங்கே விலை உயர்ந்த இனம்தான் வேண்டும் என்பதில்லை. போர்ச்சுகலின் லூசிட்டானோ இனக் குதிரை ஜொலிக்கும் என்பது உண்மை. ஆனால் கிராமத்துக் கலப்பினக் குதிரையும் இதே வாசலில் நுழைந்து கேட்டைத் திறந்துவிட்டுப் போகும். இதுவரை கண்ட மூன்றில் இருக்கிற நல்லதும் இதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. பளபளப்பு மட்டும் குறைவு. கூட்டமும் குறைவு, வேலியோரம் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளோடு போனால் வால்டிங் இருந்தால் விடாதீர்கள். நீளக் கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் ஜிம்னாஸ்டிக்ஸ். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறை இருந்தது. கிட்டத்தட்ட உங்கள் பிள்ளை வயதில் ஒருத்தி குதிரை மேல் எழுந்து நிற்பாள். இரண்டு குதிரை முதுகில் கால் வைத்து நின்றபடி பல குதிரைகளை ஓட்டும் ரோமன் சவாரி, பிரான்ஸின் கமார்க் பகுதிக்காரர் லொரென்சோ செய்வதுபோல, மாலைக் காட்சிக்குச் சரியானது. கற்றுக்கொள்ள அதில் அதிகமில்லை, மயிர்க்கூச்செறிய நிறைய உண்டு.

ஆக, ஒரு நாள் என்றால் என் திட்டம் இது. காலையில் ரெய்னிங் வகுப்பு ஒன்று, சறுக்கலுக்காகவும் தொங்கும் வாருக்காகவும். நடுப்பகலில், நிரலில் இருந்தால், வொர்க்கிங் எக்விடேஷன் முழுவதும். லிபர்ட்டி வகுப்புக்கு அரை மணி. மாலை டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் ஃபேன்டேசியா, இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

டிரெஸ்ஸாஜ் வகுப்புக்கு மட்டும் தொடக்கத்தில் போகாமல், முடியும் நேரத்தில் போங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் சவாரி செய்பவர் விரலைத் திறந்து வாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். வகுப்பு முழுக்க முறையாக நடந்திருந்தால், குதிரை வாரைப் பிடுங்காது, தலையை மேலே தூக்காது. மெல்ல மென்றபடி கழுத்தை முன்னால் நீட்டிக் கீழே இறக்கி, மூக்கு மணலைத் தொடுகிற அளவுக்குப் போய், அதே தாளத்தில் நடந்துகொண்டிருக்கும். நீளமாக ஒரு மூச்சு விடும். வேலியோரம் நின்றால் அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.