ஃபெட் மின்சுற்று சிமுலேஷன்: மகளோடு உட்கார்ந்து பார்த்தது

இயற்பியல் என்றாலே என் மகளுக்கு வயிற்றைக் கலக்கும். மின்னோட்டப் பாடம் வந்தபோது முதலில் ஒரு வினாடி வினா செயலியை இறக்கிக் கொடுத்தேன். சரியான விடைக்கு நாணயம், வேகமாகச் சொன்னால் இரட்டிப்பு. இரண்டே நாளில் கேள்வியைப் படிக்காமல் விடைகளை வரிசையாகத் தட்டப் பழகிவிட்டாள். நாணயம் குவிந்தது. தொடர் இணைப்பு என்றால் என்ன என்று கேட்டால் விழித்தாள்.

அப்புறம்தான் ஃபெட் பக்கம் வந்தோம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அறிவியல் சிமுலேஷன் திட்டம் (PhET). இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கின்றன. இழுத்துப் போட்டு நுனியோடு நுனி சேர்த்தால் சுற்று தயார்.

9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு வைத்தாள். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டியது. "இன்னொரு பல்பை வரிசையில், அதாவது தொடர் இணைப்பில், சேர்த்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"முதல் பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்னுடும்மா. ரெண்டாவது மங்கலாத்தான் எரியும்."

சேர்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி மங்கின. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாள், நடுவில் வைத்தாள், கடைசியில் வைத்தாள். மூன்று இடத்திலும் 0.45. நான் வாயே திறக்கவில்லை. ஒயருக்குள் நீல உருண்டைகளாக நகரும் எலக்ட்ரான்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "எங்கேயும் குறையலையே, தடை ரெண்டு மடங்கு, அதான் மொத்தமா பாதியாயிடுச்சு" என்றாள். தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்ற ஓம் விதிச் சூத்திரத்தை நோட்டில் எத்தனை முறை எழுதியிருப்பாள்! அன்றைக்குத்தான் அது அவளுடையதானது.

பிறகு பல்பை எடுத்துவிட்டு வெறும் ஒயரால் இணைத்தாள். பேட்டரி தீப்பிடித்தது. திடுக்கிட்டுக் கையை இழுத்தவள், சிரித்துவிட்டு மறுபடியும் செய்தாள். நிஜ மேசையில் இதைச் செய்ய நான் விட்டிருக்க மாட்டேன். இங்கே மதிப்பெண் குறைவதில்லை, சிவப்புக் குறி விழுவதில்லை. பயந்த பிள்ளைக்கு அதுதான் பெரிய உதவி.

ஒன்று, பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபெட் பாடம் நடத்தாது, கேள்வி கேட்காது. "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று ஒயரை இணைப்பதற்கு முன்பே கேட்க ஒருவர் வேண்டும். இன்னொன்று, திரையில் தெரியும் எலக்ட்ரான் வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டு ஒயர்களில் அவை பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். எலக்ட்ரான்கள் ஒயர் முழுக்க ஏற்கெனவே இருப்பதால்தான் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. இதை அவளுக்குத் தனியாகச் சொன்னேன்.

நேற்று பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றும் தனித்தனியே பேட்டரியோடு சேரும்படி, இரண்டு பல்பு. இரண்டும் பிரகாசமாக எரிந்தன, பேட்டரியிலிருந்து 1.80 ஆம்பியர். "அப்போ பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுமாம்மா?" என்று கேட்டாள். இந்தத் திரையில் பேட்டரி தீர்வதே இல்லை. நிஜ பேட்டரியும் இரண்டு சின்ன பல்பும் வாங்கி வைத்திருக்கிறேன்.