ஸ்டீவன்ஸா, சாராவா?

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, எதிரணியைக் கதிகலங்க வைத்த தடுப்பாட்டக்காரர்களில் கனடாவின் ஸ்காட் ஸ்டீவன்ஸும் ஸ்லோவாகியாவின் ஸ்டேனோ சாராவும் முக்கியமானவர்கள்.

ஸ்டீவன்ஸின் ஆயுதம் தோள்பட்டை. 2000-இல் பிலடெல்பியாவுடன் கிழக்குப் பிரிவு இறுதித் தொடர், 7-ஆவது ஆட்டம். எரிக் லிண்ட்ரோஸ் தலையைக் குனிந்தபடி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) தள்ளிக்கொண்டு, எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டி நடுவே வெட்டுகிறார்; எதிரே ஸ்டீவன்ஸ். ஒரே இடி, லிண்ட்ரோஸ் பனியில் சாய்ந்துவிட்டார். நடுவர் தண்டனையே தரவில்லை! தலைக்கு விழும் அடி பற்றி விதிகள் இறுகிவிட்ட இன்று தப்புவது கஷ்டம். நியூஜெர்சி டெவில்ஸுக்கு மூன்று ஸ்டான்லி கோப்பைகள் (லீக் சாம்பியன் பட்டம்) வென்றும், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது அவருக்குக் கிடைக்கவே இல்லை. அநியாயம்தான். கடைசியில் அவரையும் வெளியே அனுப்பியது மூளை அதிர்ச்சியின் பின்விளைவுதான்.

சாரா வேறு ரகம். 206 செ.மீ. உயரம், அதற்கேற்ற நீண்ட மட்டை. பாதி நேரம் மோதாமலே வழியை அடைத்துவிடுவார். 2009-இல் நோரிஸ், 2011-இல் பாஸ்டன் கேப்டனாகக் கோப்பை. 2019 இறுதித் தொடரில் தாடை உடைந்தும் அடுத்த ஆட்டத்துக்கே வந்து நின்றார். மொத்தம் 1,680 ஆட்டங்கள், தடுப்பாட்டக்காரர்களில் சாதனை. ஸ்டீவன்ஸ் 1,635.

ஒரே ஒரு ஆட்டத்தில் எதிரணி பயப்பட வேண்டுமா, ஸ்டீவன்ஸ். சரி, அணியையே கட்ட வேண்டுமென்றால்? ஆற அமர யோசித்தாலும் சாராதான்.