மேட்டு வயல் சாலைகளில் என் சைக்கிள்: பாராட்டும் பிரேக் பற்றிய நீண்ட புகாரும்

முன்சக்கரத்துக்கு நேற்று மறுபடியும் பிரேக் பேட் மாற்றினேன். அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "மேடும் பள்ளமுமான வயல் பகுதியில் வசந்த காலத்தில் சுற்ற உங்கள் சைக்கிளை வாங்கலாமா?" என்று கேட்டார். அப்போது சொன்ன பதில் கொஞ்சம் சூடாக இருந்தது. இப்போது நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதன் கியரைப் போல எனக்குப் பிடித்த விஷயம் வேறில்லை. முன்னால் 30 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 36 பல். பெடலை ஒரு முறை சுற்றினால் 1.8 மீட்டர்தான் நகரும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வயல் பகுதிச் சாலைகள் பெரிய மலைச்சாலைகள் போல வளைந்து வளைந்து ஏறுவதில்லை. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று பல இடங்களில் நேராக மேலே இழுத்துவிட்டிருப்பார்கள். உயரம் 60 மீட்டர்தான், சரிவு 12 சதவீதம். மூச்சு வாங்கி மேலே வந்தால் உடனே இறக்கம், அப்புறம் அடுத்த மேடு. 10 சதவீத ஏற்றத்தில் ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து, சுமார் 170 வாட் சக்தியில், மணிக்கு ஆறரை கிலோமீட்டரில் ஏறிவிடலாம். அதே வேகத்துக்கு முன்னால் 34, பின்னால் 28 பல் உள்ள கியரில் நிமிடத்துக்கு 41 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பதம் பார்க்கும்.

முக்கியமாக, இந்த வேகத்தில் தலையைத் தூக்கிப் பார்க்க முடிகிறது. இளங்கோதுமை வயலைப் பக்கவாட்டில் பார்த்தால் நிலம் முழுக்கப் பச்சை. விதைத்த வரிசைக்கு நேரே வந்ததும் பச்சைக் கோடுகள் பிரிந்து, நடுவில் ஈர மண் தெரியும். இரண்டு மிதி தாண்டினால் மறுபடி எல்லாம் பச்சை. இதைப் பார்க்கவே அந்த மேட்டை நான் தேடிப் போவேன்.

டயரிலும் குறையில்லை. 40 மி.மீ. அகலம், டியூப் இல்லாதது. வேலி வெட்டிய முள் குத்தினாலும் உள்ளே இருக்கும் திரவம் அடைத்துவிடுகிறது.

சரி, பிரேக்குக்கு வருகிறேன்.

இது கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தட்டை (டிஸ்க்) இருபுறமும் இரண்டு பேட் அழுத்திப் பிடிக்கும். இரண்டு பேடில் வெளிப்பக்கத்தது மட்டும்தான் நகரும். அது டிஸ்க்கைத் தள்ளி, வளைத்து, அசையாமல் நிற்கும் உள்பேடின் மேல் அழுத்த வேண்டும். காய்ந்த சாலையில் இதுவே போதும். வசந்த காலத்தில் சாலை எங்கே காய்ந்திருக்கிறது? உழவு முடித்து வெளியே வரும் டிராக்டர் ஒவ்வொரு வயல் வாசலிலும் களிமண்ணைச் சாலையில் இழுத்துவிட்டுப் போகிறது. மேலே ஒரு மழை பெய்தால் அந்தச் சேறு டிஸ்க்கில் ஏறி, பேடை உப்புத்தாள் மாதிரி அராவிவிடும். போதாக்குறைக்கு இறக்கத்தின் அடியில்தான் பெரும்பாலும் ஒரு திருப்பமோ சந்திப்போ இருக்கிறது. 60 மீட்டர் இறங்கி நிற்க ஏறக்குறைய 53,000 ஜூல் ஆற்றலைத் தொலைக்க வேண்டும். மெதுவாக இறங்கினால் காற்று அதில் கொஞ்சம்தான் வாங்கிக்கொள்ளும். மீதி பேட் தலையில்.

பேட் தேய்வதைக் குறை சொல்லவில்லை, அது தேயத்தானே வேண்டும். தேய்ந்த அளவுக்கு உள்பேடைக் கையால் நகர்த்த வேண்டியிருப்பதுதான் என் கோபம். அதன் திருகு சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. ஸ்போக்குகளுக்கு நடுவே ஆலன் கீயை (அறுகோணத் திருகு சாவி) நுழைக்க வேண்டும். நுழைக்கும் குழியில் களிமண் அடைத்திருக்கும். குச்சியால் தோண்டி எடுத்து, கால் சுற்று திருகி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, உரசினால் கொஞ்சம் பின்னால் திருப்பி... காலையில் சரி செய்த லீவர், மழை நாளாக இருந்தால் மதியத்துக்குள் ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு வந்துவிடுகிறது. கேபிளை மட்டும் இறுக்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் கேலிப்பரின் (பேடுகளைப் பிடித்திருக்கும் பாகம்) கை பாதி தூரத்திலிருந்தே கிளம்பும், அழுத்தம் குறையும். அதுவும் செங்குத்தான இறக்கத்தில்!

நியாயமாகச் சொன்னால் கேபிள் பிரேக்குக்கு ஒரு பலம் உண்டு. வழியில் கேபிள் அறுந்தால் பையில் இருக்கும் இன்னொன்றைப் போட்டு வீடு வரலாம். கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் சாலையோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் அதில் இரண்டு பேடும் சேர்ந்து நகரும், தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். இவ்வளவு செங்குத்தாக ஏற வைக்கும் கியரைக் கொடுத்தவர்கள், அதே மேட்டில் ஆள் இறங்கவும் வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டாமா?

நான் இதை விற்கப் போவதில்லை. அந்தக் கியரை விட மனசு வராது. ஆனால் நண்பருக்கு என் பதில்: இந்த பிரேக்கோடு வாங்காதீர்கள். கடையில் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் முன்சக்கரத்துக்கு எதிரே குனிந்து, லீவரை மெதுவாக அழுத்துங்கள். டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்தால் அடுத்த சைக்கிளைக் காட்டச் சொல்லுங்கள்.