பூவாளியா, டிரிப்பா, திரியா, பானையா? ஒரு சென்னை மொட்டைமாடியின் கணக்கு

எங்கள் மாடியில் நாற்பது செடிப்பைகள் இருக்கின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, நாலைந்து வகைக் கீரை, பந்தலில் புடலையும் பாகலும். ஏழு வருடத்தில் தண்ணீர் விடும் முறையை நான்கு தடவை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் “இதுதான் சரி” என்று நினைத்தேன். அடுத்த பருவம் வந்ததும் அது தப்பு என்று தெரிந்தது. எந்த முறை நல்லது என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த மாதத்துக்கு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் பூவாளி, ஹோஸ். செலவு இல்லை, பழுது இல்லை. முதுகு வலிதான் உண்டு. நாற்பது பைக்கு நிதானமாக ஊற்றினால் முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் வேறு எந்த முறையும் தராத ஒன்றை இது தருகிறது. ஒவ்வொரு செடி முன்னாலும் அரை நிமிடம் நிற்கிறோம். கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தால் அசுவினி தெரியும். செம்பருத்திக் கணுவில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி இருக்கும். முதல் நாளே பார்த்தால் விரலால் நசுக்கிவிடலாம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் செடியையே பிடுங்க வேண்டியதுதான்.

ஹோஸில் ஒரு ஆபத்து. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். சித்திரையில் பதினொரு மணிக்குத் திறந்து கையில் பிடித்துப் பாருங்கள், புரியும். அதை முதல் செடியின் தலையில் விடாமல் கொஞ்ச நேரம் ஓரமாக ஓடவிட வேண்டும். அதைவிட, ஏழு மணிக்கு முன்னால் ஊற்றி முடித்துவிடுவது உத்தமம்.

அடுத்தது டிரிப். இதில்தான் எனக்குப் பணமும் போனது, பாடமும் கிடைத்தது. சொட்டுநீர் என்பது வயலுக்காகப் பிறந்த முறை. 1965-ல் இஸ்ரேலின் ஹட்ஸரிம் கிப்புட்ஸில், அதாவது ஒரு கூட்டுப்பண்ணைக் கிராமத்தில், அதைச் சரக்காகச் செய்ய நிறுவனம் தொடங்கியபோது மொட்டைமாடி யார் மனதிலும் இருந்திருக்காது. வயலில் பம்பு இருக்கும், அழுத்தம் இருக்கும். மாடியில் மேல்நிலைத் தொட்டி மட்டும்தான். பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஒரு பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். எங்கள் டேங்க் நிற்கும் மேடை ஒன்றரை மீட்டர் உயரம். அப்படியானால் 0.15 பார். கடையில் “மணிக்கு 4 லிட்டர்” என்று கொடுக்கும் டிரிப்பர், அதாவது சொட்டு விடும் மூக்கு, ஒரு பார் அழுத்தத்தில்தான் 4 லிட்டர் விடும். எங்கள் மாடியில் ஒன்றரை லிட்டர் வந்தாலே பெரிது. அழுத்தத்தைச் சமன்செய்யும் விலை கூடிய டிரிப்பர் இன்னும் மோசம். குறைந்த அழுத்தத்தில் அது ஒழுங்காக வேலையே செய்யாது. சாதாரண டிரிப்பர், அல்லது வெறும் மைக்ரோ டியூப் என்கிற மெல்லிய குழாய், இது போதும்.

முதல் வருடம் இது எதுவும் தெரியாமல் மாட்டிவிட்டேன். வால்வு பக்கத்தில் இருந்த மிளகாய் குளத்தில் நின்றது. கடைசியில் இருந்த வெண்டை வாடியது. அப்போது ஒருநாள் சமையலறையிலிருந்து கையில் கிடைத்த டம்ளர்களையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சொட்டுக்கும் கீழே ஒன்று வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டேன். அம்மா படியேறி வந்து பார்த்துவிட்டு, “செடிக்குக் காபி குடுக்கறியா?” என்றார். முதல் டம்ளர் நிரம்பி வழிந்தது. கடைசி டம்ளரில் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். நான்கைந்து டிரிப்பர்களில் சொட்டே இல்லை. மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. போர் தண்ணீரின் உப்பு. ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டதும் கரைந்தது.

நீண்ட ஒரே குழாயை நடுவில் வெட்டி, தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன். வித்தியாசம் பெருமளவு குறைந்தது. வால்வை ஒட்டி ஒரு வலை ஃபில்டர் போட்டேன். மாதம் ஒரு தடவை குழாயின் கடைசி மூடியைக் கழற்றி வேகமாக ஓடவிடுகிறேன். முதலில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் இனி மறக்கமாட்டீர்கள்.

டைமர் கதை தனி. ஊருக்குப் போகும்போது வசதி என்று ஒன்று வாங்கினேன். கடையில் சரியாக வேலை செய்தது. வீட்டில் மாட்டினால் டிக் என்று சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு வகை டைமர் திறக்கவே தண்ணீர் அழுத்தம் வேண்டும். தொட்டித் தண்ணீர் அதற்குப் போதாது. உள்ளே துளையிட்ட உருண்டை ஒன்றை மோட்டார் சுற்றித் திறக்கும் பால் வால்வு (ball valve) வகை என்றால் அழுத்தம் இல்லாமலும் திறக்கும். வாங்கும்போது கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் வாங்கலாம்.

தெளிப்பானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பம்பு வேண்டும், காற்றில் பாதி பக்கத்து மாடிக்குப் போகும், உப்புத் தண்ணீர் இலையில் வெள்ளைப் புள்ளியாகக் காயும், ஈர இலையில் பூஞ்சணம் வரும். பெரணிக்கும் ஆர்க்கிட்டுக்கும் புகைபோல நுண்துளி விடும் தெளிப்பான் வைக்கலாம். காய்கறிக்கு வேண்டாம்.

திரி முறை எனக்குப் பிடித்தமானது, ஆனால் எல்லாச் செடிக்கும் அல்ல. கீழே தண்ணீர் டப்பா, மேலே தொட்டி, நடுவில் ஒரு கயிறு. மண் காயக் காயத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். பருத்திக் கயிறு சில மாதத்தில் மக்கிவிடும். பழைய பாலியஸ்டர் துணியைக் கிழித்துப் பின்னினால் நன்றாக உழைக்கும். தொட்டி ஒரு சாணுக்கு மேல் ஆழமானால் மேல் மண்ணுக்கு ஈரம் ஏறாது. புதினா, வல்லாரை, கீரை நாற்று, வெற்றிலை எல்லாம் இதில் கொழுக்கின்றன. கற்றாழையை வைத்தேன், அழுகியது. கறிவேப்பிலையும் எப்போதும் ஈரக்காலில் நிற்க விரும்பாது. இன்னொன்று: டப்பாவுக்குப் பக்கவாட்டில் வழிந்தோடத் துளை இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் அது குட்டிக் குளம். மூடாமல் விட்டால் கொசுப்புழு.

பானை முறை பழையது. சீனாவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேளாண் நூலிலேயே இருக்கிறது. பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, மூடி வைத்தால் சுற்றியுள்ள மண் காயும்போது மட்டும் தண்ணீர் கசியும். தரையில் தோட்டம் உள்ளவர்கள் மாங்கன்று, எலுமிச்சைக்கு இதைவிட நல்லதைத் தேட வேண்டாம். மாடியில்தான் சிக்கல். பானை பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலவை பொலபொலவென்று இருப்பதால் பானைச் சுவரோடு ஒட்டாமல் ஈரம் சரியாகக் கடப்பதில்லை. நாளடைவில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு பானையின் துளைகளையும் அடைத்தது. பெரிய தொட்டியில், தோட்டத்து மண் கலந்து, ஒரு பூசணிக்கு வைத்தால் சரி.

இனி மாதக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தக்காளிப் பை ஒன்று ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வரை குடிக்கிறது. கையால் ஒரே மூச்சில் ஊற்றினால் காய்ந்து சுருங்கிய கோகோபீட்டின் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், வேர் நனையாது. இங்கே டிரிப்தான் ஜெயிக்கிறது. காலையில் முக்கால் மணி, மாலையில் அரை மணி. கூடவே ஐம்பது சதவீத நிழல்வலையும், பைக்குள் காய்ந்த சருகு மூடாக்கும் போட்டால் தேவை நன்றாகக் குறையும்.

ஆடியில் ஏமாறுவோம். மேகமூட்டமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்போம். காற்று சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும். ஆடிப்பட்டத்தில் போட்ட விதைக்கு நாற்றுப் பருவம் முழுக்கப் பூவாளிதான். சிறு விதை டிரிப்பருக்குக் காத்திருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் டிரிப் வால்வை மூடிவிடுங்கள். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. அப்போது டைமர் தன் பாட்டுக்கு ஓடினால் வேர் அழுகும். அந்த மாதங்களில் வேலை தண்ணீர் விடுவதல்ல, வெளியேற்றுவது: பைக்கு அடியில் துளை அடைத்திருக்கிறதா, செங்கல் மேல் நிற்கிறதா, மாடி வடிகாலில் சருகு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. மழை சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால், வெறித்த மறுநாள் ஒரு கை மண்புழு உரம் போடுகிறேன்.

மார்கழியில் பூவாளிக்குத் திரும்புகிறேன். பனி ஈரத்தோடு மாலைத் தண்ணீரும் சேர்ந்தால் பூசணி, வெண்டை இலையில் சாம்பல் நோய் வரும். காலையில், வேரில் மட்டும், அதுவும் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து ஈரம் தட்டாவிட்டால்தான்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நின்றபோது இந்த ஒப்பீடே அர்த்தமில்லாமல் போனது. அரிசி களைந்த தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், எல்லாமே பூவாளிக்குள் போயின. ஏசித் தண்ணீரில் உப்பு இல்லை, தாராளமாக விடலாம். ஆர்ஓ கழிவில் உப்பு கூடுதல். அதையே தினமும் விட்டால் இலை ஓரம் கருகும். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து அவ்வப்போது மண்ணைக் கழுவிவிடுவேன்.

இப்போது எங்கள் மாடியில் நான்கும் இருக்கின்றன. டிரிப் மாசி பாதியிலிருந்து புரட்டாசி வரை ஓடும், கையால் திறந்து கையால் மூடுவது. புதினாவும் வல்லாரையும் திரியில். பூசணிக்கு ஒரு பானை. பால் வால்வு டைமர் அலமாரியில் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். அதற்கு இரண்டு நாள் முன்பே டம்ளர்கள் மாடி ஏறிவிடும். அம்மா இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. பழைய டம்ளர்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.