இன்னோவாவுக்கு வீல்: ஜி.பி. ரோட்டில் ஏமாந்ததும் புதுப்பேட்டையில் தேறியதும்

என்னுடையது 2009 மாடல் இன்னோவா, 2.5 டீசல். இரும்பு ரிம், பிளாஸ்டிக் வீல் கப். பதினைந்து வருடம் தாம்பரம், திண்டிவனம், திருவண்ணாமலை என்று ஓடியதில் இரண்டு ரிம் விளிம்பில் நெளிந்துவிட்டது, ஒன்று துருவேறி டயர் உட்காரும் இடத்தில் காற்றை விட்டது. வாரம் ஒரு தரம் காற்று பிடித்துச் சலித்துப்போய், சரி, நான்கையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு. கடைப் பெயர் வேண்டாம். பளபளவென்று ஒரு செட் காட்டினார்கள். புது ஹூண்டாய் கிரெட்டாவில் இருந்து கழற்றிய 16 இன்ச் அலாய் (உலோகக் கலவை) வீல், டயரோடு சேர்த்து 22,000 ரூபாய். "சார், அஞ்சு போல்ட்டு, நூத்திப் பதினாலு பிசிடி, உங்க வண்டியும் அதேதான். கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்னோவாவுக்கும் கிரெட்டாவுக்கும் 5x114.3 தான், அதாவது ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் (பிசிடி) 114.3 மில்லிமீட்டர். நட்டின் மரை கூட ஒன்றுதான், 12 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.5 (பிட்ச்). மாட்டினார்கள், கச்சிதமாக ஏறியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பதைத் தொட்டதும் ஸ்டீரிங் கையில் நடுங்கியது. திரும்பப் போனேன், பேலன்சிங் செய்தார்கள். மறுபடி நடுக்கம். மறுபடி பேலன்சிங். மூன்றாவது முறை எங்கள் தெரு மெக்கானிக் வீலைக் கழற்றி நடு ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். "அண்ணே, இது ஹப்புல உக்காரவே இல்ல, சும்மா தொங்குது." அளந்து பார்த்தோம். இன்னோவா ஹப், அதாவது வீலின் நடு ஓட்டைக்குள் நுழையும் அச்சு முனை, 60.1 மில்லிமீட்டர், ஹூண்டாய் வீலின் நடு ஓட்டை 67.1. சுற்றிலும் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. வீலை ஹப் நடுவில் பிடிக்காததால் நட்டுகள் மட்டும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டை முழு வேகத்தில் இறுக்கும்போதே வீல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. அதை எத்தனை பேலன்சிங் செய்தாலும் சரியாகாது, ஏனென்றால் பேலன்சிங் மெஷினில் வீல் நடுவில்தான் உட்காருகிறது.

இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. 67.1 வெளிவட்டம், 60.1 உள்வட்டம். அது போட்டிருந்தால் நடுக்கம் தீர்ந்திருக்கும். கடையில் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நான் அதைத் தேடாமல் வீலையே திருப்பிக் கொடுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. அதன் டயர் 205/65 ஆர் 16 (205 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், 16 இன்ச் ரிம்). என் வண்டியின் அளவு 205/65 ஆர் 15. பழையது 647 மில்லிமீட்டர் உயரம், இது 673. கிட்டத்தட்ட நான்கு சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஏழு பேரோடு மேடேறும்போது இரண்டாவது கியரில் இழுவை குறையும். 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் திரும்ப எடுத்தார்கள். கிரெட்டா வீல் நல்ல வீல்தான், கிரெட்டாவுக்கு.

அடுத்த சனிக்கிழமை, பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. இந்த முறை பையில் மில்லிமீட்டர் கணக்கில் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், துணி, ஒரு குப்பி டீசல். ரிம்களைக் கயிற்றில் கோத்த முறுக்கு மாதிரி தொங்கவிட்டிருந்த ஒரு சின்னக் கடை. இன்னோவா வி மாடலோடு வந்த 15 இன்ச் கம்பெனி அலாய் நான்கு வைத்திருந்தார். பெரியவர் அதிகம் பேசவில்லை. "நீயே பாத்துக்க தம்பி" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, தம்பி என்றதிலேயே பாதி மனசு விழுந்துவிட்டது.

ஐந்து ஓட்டை வீலில் நேர் எதிர் ஓட்டை கிடையாது என்பதால் பிசிடியை நேராக அளக்க முடியாது. ஒரு ஓட்டையை விட்டு அடுத்த ஓட்டைக்கு, மையத்தில் இருந்து மையம் அளக்க வேண்டும். 108.7 வந்தால் அது 114.3 பிசிடி. 106.5 வந்தால் 112, அதாவது ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வகை. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இறுக்கினால் போல்ட் சாய்ந்துபோய் என்றாவது ஒரு நாள் முறியும். என் வெர்னியரில் 108.7. நடு ஓட்டை 60.1. இன்னோவாவிலேயே வந்த வீல் என்பதால் ஆஃப்செட், அதாவது ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது, பற்றிய கவலையும் இல்லை. ஆஃப்செட் மாறினால் வீல் வெளியே துருத்தும், இல்லை உள்ளே போய் உரசும், பேரிங்குக்கும் கேடு.

அதற்கப்புறம் டீசலில் துணியை நனைத்து உள்பக்கம் துடைத்தேன். நான்கில் ஒன்றில் பெயின்ட்டுக்கு அடியில் எறும்பு வரிசை போல ஒரு வெல்டிங் கோடு. விரிசல் விட்டதை ஒட்டியிருக்கிறார்கள். பெரியவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், முகம் சுளிக்காமல் அதை ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே இருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். 13,500 சொன்னார், 11,000-க்கு முடிந்தது.

குறை ஒன்று உண்டு. டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களைப் போல இதற்கும் தட்டையான வாஷரும் நீளக் கழுத்தும் உள்ள நட்டு வேண்டும். இரும்பு ரிம்முக்கு வரும் கூம்பு நட்டு இதில் உட்காராது. பெரியவர் 16 நட்டுதான் கொடுத்தார், எனக்கு வேண்டியது 20. மீதி நான்கை வெளியே தேடி வாங்க ஒரு மத்தியானம் போயிற்று. எந்தக் கடையில் வாங்கினாலும் நட்டை எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள்.

புது டயரும் அதே 205/65 ஆர் 15 தான், லோடு இண்டெக்ஸ் 94, அதாவது ஒரு டயருக்கு 670 கிலோ. கையாலேயே நட்சத்திர வரிசையில் இறுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 103 நியூட்டன் மீட்டர் வைத்து, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்த்தோம். போன வாரம் திண்டிவனம் வரை நூறில் போனேன். ஸ்டீரிங் அசையவில்லை. ஒரு வீலில் விளிம்புக் கீறல் இருக்கிறது, அது முன்னாடி சொந்தக்காரர் உரசியது, அப்படியே விட்டுவிட்டேன்.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய இரும்பு ரிம். அதற்கான ஐந்து கூம்பு நட்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு ஜாக்கியோடு வைத்திருக்கிறேன். டப்பா மேல் "தூக்கிப் போடாதே" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. வீட்டில் வண்டி சுத்தம் செய்வது நான் மட்டும் இல்லை.