பழைய பிரஸ்ஸுக்கு மறுவாழ்வு: பாட்டில் ஜாக்கியா, தனி சிலிண்டரா?

இரும்புச் சேனலை வெல்டிங் அடித்து, நடுவில் 20 டன் பாட்டில் ஜாக்கியைச் சொருகி பேரிங், புஷ் அழுத்தி ஏற்றவும் கழற்றவும் வீட்டிலேயே செய்த பிரஸ், சில வருஷம் உழைத்ததும் எண்ணெய் கசியும், பிரஷர் நிற்காது. அதே ஜாக்கிக்கு சீல் மாற்றலாம், கைப்பம்ப்போடு தனி சிலிண்டர் வாங்கலாம், மோட்டார் வைத்த பவர் பேக்குக்கும் போகலாம்.

செலவு என்று பார்த்தால் ஜாக்கியை அடிக்க ஆளில்லை. ஓ-ரிங், யூ-சீல், வால்வாக வேலை செய்யும் சின்னச் சின்ன ஸ்டீல் குண்டுகள், உள்ளே பெரும்பாலும் இவ்வளவுதான். பிரஷர் நிற்கவில்லை என்றால் பழியைச் சீல் மேல் போட்டுவிடுகிறோம். குண்டு உட்காரும் குழியில் அழுக்கு அடைத்திருந்தாலும் இதே கதைதான். மண்ணெண்ணெயில் கழுவி, குண்டைப் போட்டு, பித்தளைக் கம்பியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் குழி மறுபடி படிந்துவிடும். அப்புறம் 32 அல்லது 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில். கைக்கு எட்டுகிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் புது நைட்ரைல் ரப்பர் சீல் ஊதிப் போகும்.

ஜாக்கியிடம் பெரிய தொல்லை, அதைத் தலைகீழாகத் தொங்கவிட முடியாது. கவிழ்த்தால் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். அதனால் நிமிர்த்தி வைத்து, இறங்கி ஏறும் குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங்கும் சேர்க்க வேண்டும்; பிரேமில் உயரம் அதற்கே போய்விடும். ஆனால் பேரிங் நகர்கிறதா, கோணலாகச் சிக்கிவிட்டதா என்று லீவர் கைக்குச் சொல்லிவிடும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தனி சிலிண்டர் எப்படித் தொங்கினாலும் வேலை செய்யும், பிரஷர் கேஜ் மாட்டுவதும் சுலபம். 700 பார் பிரஷரில் 20 டன்னுக்கு 60 மில்லி விட்டம் போதும். விலைதான் உறைக்கும். ஹோஸில் ஊசித் துளை விழுந்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே ஆபரேஷன் தேவைப்படும் காயம் அது. கசிவை அட்டையால்தான் தேட வேண்டும், கையால் அல்ல.

பவர் பேக் வேகமானது. ஆனால் 200 பார் பம்ப் என்றால் அதே 20 டன்னுக்கு சுமார் 112 மில்லி சிலிண்டர் வேண்டும். பிரஷர் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு இல்லாமல் ஓட்டவே கூடாது. சிக்கியது கைக்குத் தெரியாது, வார்ப்பிரும்பு ஹவுசிங் வெடித்த பிறகுதான் கை லீவரை விடும். வீட்டுக்கு வேண்டாம்.

எப்போதாவது பேரிங், புஷ் என்றால் சீல் கிட் தாராளம். லாரி முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் அடிக்கடி வந்தால் சிலிண்டர்.

எதை மாட்டினாலும் மேல் சட்டத்தை அதே 20 டன் மேல்நோக்கித் தள்ளும். டேபிளைத் தாங்கும் இரண்டு பின்களும் நான்கு வெட்டுமுகங்களில் (பாரம் பின்னை வெட்டப் பார்க்கும் இடங்கள்) ஆளுக்கு 5 டன் சுமக்கின்றன. 25 மில்லி ஸ்டீல் பின் தாங்கும், ஆனால் துளை தாங்கியிருக்கிறதா பாருங்கள். முட்டை வடிவில் இழுத்திருந்தால், அங்கே தடித்த தகடு வைத்து வெல்டிங் அடித்து, புதிதாகத் துளை போட்ட பிறகு ஜாக்கிப் பேச்சை எடுக்கலாம்.