கதவு ஏன் மேலே திறக்கிறது: டமியா 300 எஸ்எல் கிட்டோடு மூன்று மாதம்

என் அப்பா நாற்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் அம்பாசிடரும் பத்மினியும் மாறி மாறி நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வாட்டர் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீரும் காத்திருக்கும். அதனால் ஒரு சாண் நீளமே உள்ள பிளாஸ்டிக் காருக்குப் பெயின்ட் அடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்கிற திமிர் எனக்கு இருந்தது. ஜப்பானின் டமியா கம்பெனி செய்கிற 1/24 (நிஜக் காரில் 24ல் ஒரு பங்கு) மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் கிட், அதாவது பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டும் மாடல், அந்தத் திமிரை மூன்று மாதத்தில் இறக்கி வைத்துவிட்டது.

இதற்கு முன் மூன்று கிட் பூட்டியிருக்கிறேன். எதிலும் என்ஜின் கிடையாது, கதவு திறக்காது. மேலே ஓடு, கீழே சக்கரம், உள்ளே சீட், முடிந்தது. இதை வாங்கியதற்கு ஒரே காரணம் அந்தக் கதவுதான். கூரையிலிருந்து இறக்கை மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும் கதவு. நான் அதை வெறும் ஸ்டைல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் ஒரு கடையில் ஆர்டர் போட்டேன். வந்த பெட்டியைப் பார்த்தால் யாரோ அதன்மேல் உட்கார்ந்து பயணம் செய்தது போல ஒரு மூலை நசுங்கியிருந்தது. புகைப்படம் எடுத்து அனுப்பினேன். "உள்ளே பொருள் சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று ஒரு வரி பதில், அதோடு சரி. உள்ளே எதுவும் உடையவில்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன். கிட்டுக்கு மட்டும் ஆறாயிரத்தைத் தொட்டது. பெயின்ட் செலவு தனி. அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பூட்ட வேண்டியது சட்டம். உண்மையான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊர் லாரிச் சட்டம் போல இரண்டு நீளக் கம்பியும் குறுக்குக் கம்பிகளும் கிடையாது. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்ற வைத்த ஒரு கூடு. 1952ல் மெர்சிடிஸ் மறுபடி பந்தயத்துக்குப் போக நினைத்தபோது கையில் இருந்தது 300 என்ற பெரிய செடான் காரின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின். கனமான என்ஜின். அதில் குறைக்க முடியாத எடையை வேறு எங்கேயாவது குறைத்தாக வேண்டும். அப்படி வந்ததுதான் இந்தக் குழாய்க் கூடு. டபிள்யூ 194 என்ற அந்தப் பந்தயக் காரில் கூட்டின் எடை சுமார் 50 கிலோதான், ஒரு சிமெண்டு மூட்டை. ஆனால் இவ்வளவு லேசான கூடு முறுக்காமல் நிற்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் குழாய்கள் உயரமாக ஏறியே ஆக வேண்டும். ஏறினால் கதவு வர வேண்டிய இடத்தைக் குழாய் பிடித்துக்கொள்ளும். ஆகவே கதவைக் கூரைக்குத் தூக்கிவிட்டார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. கிட்டில் ஊதுவத்திக் குச்சி கனத்தில் வரும் அந்தக் குழாய்களை வெட்டி எடுத்து, இடுக்கியால் பிடித்து, பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின் சிமெண்டைத் தூரிகை நுனியால் தொட்டு ஒட்டிக்கொண்டு வரும்போது, ஒரு கட்டத்தில் பக்கச் சட்டம் எழுந்து நிற்கிறது. உள்ளே சீட்டை வைத்துப் பார்த்தேன். சீட்டின் இடுப்பு வரை குழாய். சாதாரணக் கதவை இங்கே எங்கே மாட்டுவது? யாரும் சொல்லித்தராமல் என் விரலுக்கே புரிந்தது. ஸ்டியரிங் ஏன் மடங்கும்படி வைத்தார்கள் என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. அவ்வளவு உயரத் திண்டைத் தாண்டிக் காலை உள்ளே விடுகிறவன் தொடையை எங்கே வைப்பான்?

என்ஜினில் ஒரு வேடிக்கை. அதைப் பூட்டிச் சட்டத்துக்குள் இறக்கினால் இடது பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. தப்பாக ஒட்டிவிட்டேன் என்று பயந்து விளக்கத் தாளை மூன்று தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பானெட் தாழ்வாக வர வேண்டும் என்பதற்காக நிஜக் காரிலேயே என்ஜினை 50 டிகிரி சாய்த்து வைத்திருக்கிறார்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் பம்ப் வேறு. தொழிற்சாலையில் தொடர்ந்து தயாரித்து விற்ற ஃபோர் ஸ்ட்ரோக் கார்களில் அது முதன்முதலில் வந்தது இந்த 300 எஸ்எல்லில்தான். அந்தப் பம்பும் கிட்டில் அரிசி அளவில் இருக்கிறது.

இடையில் ஒரு கதை, விட மனமில்லை. 1952ல் மெக்சிகோவில் நடந்த பான்அமெரிக்கானா பந்தயத்தில் இந்தக் காரின் அண்ணனான டபிள்யூ 194ஐ கார்ல் கிளிங் ஓட்ட, பக்கத்தில் ஹான்ஸ் கிளெங்க் உட்கார்ந்திருந்தார். போகிற வேகத்தில் ஒரு கழுகு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து கிளெங்க்கின் முகத்தில் மோதியது. ரத்தம் வழிய வழிய ஓடியும் பந்தயத்தை ஜெயித்துவிட்டார்கள். மறுபடி பறவை வராமல் இருக்கக் கண்ணாடிக்கு முன்னால் கம்பி வேறு கட்டினார்கள். நம் ஊர் லாரிக்கு வலை போடுவது போலத்தான். அதன்பின் நியூயார்க்கில் கார் இறக்குமதி செய்த மாக்ஸ் ஹாஃப்மன் என்பவர் ரோட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நச்சரித்து, 1954 பிப்ரவரியில் நியூயார்க்கிலேயே காட்டினார்கள். 1957 வரை மொத்தம் 1,400 கூபே.

இனி பெயின்ட். என் மானம் போன இடம்.

அப்பா எப்போதும் மூன்று கை, நாலு கை அடிப்பார். நானும் அப்படியே ஆரம்பித்தேன். அடிப்பூச்சான பிரைமர் இரண்டு கை, டமியாவின் ஸ்ப்ரே டப்பாவில் வரும் டிஎஸ்-30 சில்வர் மூன்று கை. காய்ந்த பிறகு பார்த்தால் ஓட்டில் செதுக்கியிருந்த கோடுகளில் பாதி காணவில்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நிஜக் காரில் பெயின்ட் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். மாடலில் அதே 0.1 மில்லிமீட்டர் அடித்தால், 24 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது அது 2.4 மில்லிமீட்டர். காருக்குத் தோசை மாவு ஊற்றின மாதிரி. கோடுகளைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே ஊசியால் கொஞ்சம் ஆழப்படுத்தியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

அதைவிடக் கொடுமை, கதவு மூடவில்லை. ஓரத்தில் ஏறிய பெயின்ட்தான் தடுத்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன் வைத்துப் பார்த்தபோது கதவு அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தது. டமியாவின் அச்சில் குறையே இல்லை, கெடுத்தவன் நான். 1000 நம்பர் பேப்பரை மடித்து ஓரங்களைத் தேய்த்து எடுத்தேன், மறுபடி சில்வர்.

சில்வர் ஏன் என்றால், இந்தக் காரில் அதிகம் பார்க்கக் கிடைக்கிற நிறம் வெள்ளிச் சாம்பல்தான். அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார்.

"ஏங்கண்ணு, வேற கலரே கெடைக்கலையா? சில்வர் கோள் சொல்லீருமே."

கோள்தான் சொன்னது. பிரைமரில் கண்ணுக்கே தெரியாத கீறலை எல்லாம் சில்வர் ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. அப்பா உதவி செய்கிறேன் என்று கொட்டகையில் மிச்சம் இருந்த தின்னரை எடுத்து நீட்டினார். நல்லவேளை, பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டகத் துண்டில் முதலில் தொட்டுப் பார்த்தோம். பிளாஸ்டிக் அப்படியே வெந்து சுருங்கியது. இரும்புக்கு அடிக்கிற தின்னர் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வீட்டில் ஒர்க் ஷாப் தின்னர் இருக்கிறது என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து வேண்டாம்.

கடைசியில் பளபளப்புக்காக நிறமில்லாத டிஎஸ்-13 கிளியர் அடித்தது ஜூலை மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தூறலுமாக இருந்த நாள். அரை மணி நேரத்தில் கார் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாகப் பூத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சின்ன வயதில் பத்மினி பானெட்டில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அப்படியும் செய்தேன்.

"என்னங்கப்பா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. வெயில் வரட்டும். வந்ததும் ஈரமா ஒரு கை அடி, தானா போயிரும்."

நாலு நாள் காத்திருந்தேன். மத்தியான வெயிலில், டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அடித்தேன். உள்ளே அழுத்தம் கூடி, பெயின்ட் பொடியாக வரும். வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கும் சூடு மட்டும். அடுப்புப் பக்கமே டப்பாவைக் கொண்டுபோகக் கூடாது. பூத்தது போய்விட்டது.

உள்ளலங்காரம், குரோம் எல்லாம் சொல்வதற்குப் பெரிதாக இல்லை. சீட்டுக்குச் சிவப்புத் தோல் நிறம் கொடுத்தேன். குரோம் பூச்சுள்ள பாகங்களில் ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பசை பூச்சைத்தான் பிடிக்குமே தவிர பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. ஜன்னல் ஓரங்களுக்கு ஒட்டும் அலுமினியப் படலம் பிரஷ்ஷை விட நன்றாக வந்தது.

ஒரு நாள் ராத்திரி அப்பாவுக்கு டமியா கம்பெனியின் கதையைச் சொன்னேன். ஜப்பானில் ஷிசுவோகாவில் மரம் அறுத்து விற்ற கம்பெனி, 1970களில் 1/12 போர்ஷே மாடல் செய்வதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் பார்த்தது என்று. அப்பா கேட்ட முதல் கேள்வி: "கழட்டுறது யாரு வேணா கழட்டலாம். மாட்டுனாங்களா?" அதற்குப் போர்ஷே ஆட்களையே கூப்பிட வேண்டி வந்தது என்றேன். அவருக்கு அன்று முழுக்க அதே சந்தோஷம்.

யார் வாங்கலாம்? முதல் கிட்டாக வேண்டாம். என்ஜின் இல்லாத, கதவு திறக்காத ஒன்றிரண்டை முடித்துவிட்டு வாருங்கள். சட்டக் குழாய்களை வெட்டும்போது நல்ல கூரான கட்டர் வேண்டும். நான் நகவெட்டியில் ஆரம்பித்து ஒரு குழாயை முறித்து, ஒரு ராத்திரி கிளிப் போட்டு வைத்தேன். பெயின்ட்டை மெல்லிசாக அடியுங்கள். மழைக்காலத்தில் கிளியர் வேண்டவே வேண்டாம். பொறுமை இருந்தால் ஆறாயிரத்துக்கு மேலேயே மதிப்பு இருக்கிறது.

ஒரு வருத்தம் மட்டும். மூன்று வாரம் உட்கார்ந்து பூட்டிய அந்தக் குழாய்க் கூடு, காரின் மேல் ஓட்டை மாட்டியதும் மறைந்துவிடுகிறது. பானெட்டைத் தூக்கினால் முன் பக்கம் கொஞ்சம் தெரியும், கதவைத் தூக்கினால் அந்தத் திண்டு தெரியும், அவ்வளவுதான். அப்பா சொன்னார் என்பதற்காக மேல் ஓட்டை ஒட்டாமல் சும்மா வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவரே ஓட்டைக் கழற்றி, சட்டத்தைக் காட்டி, கதவு ஏன் மேலே போகிறது என்று பாடம் நடத்துகிறார். என்னைப் பேச விடுவதில்லை.

அந்தப் பெயின்ட் கணக்கு: பிரைமர், சில்வர் இரண்டு டப்பா, கிளியர், கறுப்பு, சிமெண்ட் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குப் பக்கம். டப்பாவை விமானத்தில் ஏற்றுவது கஷ்டம் என்பதால் இங்கே கிடைக்கிற விலைதான் விலை. மிச்சம் அரை டப்பா சில்வர் இருந்தது, அடுத்த காருக்கு என்று அலமாரியில் எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் பார்த்தால் காலி. வாசலில் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல், கண்ணாடித் தண்டு இரண்டும் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டு நிற்கிறது. டப்பா என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.